கலிவிக்கோடியும் ஒரு துண்டுச் சீட்டும்

நம் சங்கத்து அன்பர்களிற் பலர் விடுமுறைக்குக் காச்சிகூடாவில் வண்டியேறிக் கடப்பை வழியாகத் தமிழகம் செல்வதுண்டு. கடப்பைச் சீமையில் கல்லும் முட்புதருமாகக் காணும் நிலத்தைச் சாளரத்தின் வழியே பார்த்து, “ஒன்றுக்கும் உதவாத பொட்டல்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அந்தப் பொட்டலைப் பற்றியே இம்மாதம் எழுதத் துணிந்தோம்.

சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டான் என்பவர் அப்பகுதியிற் பெற்ற ஒரு பறவையை, 1848ஆம் ஆண்டில் பிளைத் என்னும் அறிஞர் புதிய இனமென உலகுக்கு அறிவித்தார். மார்பில் இரு பட்டைகளை உடையது, இரவில் நடமாடுவது. தெலுங்கு மக்கள் இதனைக் ‘கலிவிக்கோடி’ என்பர். கோடி என்றால் கோழி. 1900இல் அனந்தப்பூர்ப் பக்கம் காணப்பட்ட பின்னர், அறிஞர் எவர் கண்ணிலும் இது படவில்லை. இனமே அற்றுப்போயிற்று என்று பலரும் கருதினர்.

எஞ்சியிருந்தவை அருங்காட்சியகங்களிற் பாடம் செய்து வைத்த சில பறவைகளும், எங்கே கிடைத்தன என்று கூறும் பழைய குறிப்புகளுமே. இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். சீட்டு அறுந்த பார்சல் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், எங்கிருந்து வந்தது என அறியாமல் மூலையிற் கிடக்கும். ஊரும் நாளும் எழுதிய சீட்டுத்தான் செத்த பறவையையும் பேசவைக்கிறது.

அக்குறிப்புகளை வழிகாட்டியாகக் கொண்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் தேடப் புறப்பட்டனர். பறவையின் படத்தைக் காட்டி ஊர்மக்களை விசாரித்தனர். உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவரின் துணையால், 1986 ஜனவரியில் பரத் பூஷண் என்னும் ஆராய்ச்சியாளர் லங்காமலைப் பகுதியில் அதனைக் கண்டறிந்தார். இன்று அவ்விடம் ஸ்ரீலங்காமல்லேசுவரம் சரணாலயமாக விளங்குகிறது.

இருளில் உலவும் பறவையை எவ்வாறு கணக்கிடுவது? 2000ஆம் ஆண்டையொட்டித் தமிழரான ப. ஜெகநாதன் முதலியோர், புதர்களிடையே மென்மண்ணைப் பரப்பி, விடிந்தபின் அதிற் பதிந்த காலடிகளைத் தேடினர். அடர்ந்த காடும் வெட்டவெளியும் அதற்கு ஆகா. இடையிடையே திறந்த நிலமுள்ள புதர்க்காடே வேண்டும் என்பது தெளிவாயிற்று. வானிலிருந்து எடுத்த படங்களோடு இதனைப் பொருத்தி, வேறெங்கெல்லாம் அது வாழக்கூடும், அந்நிலம் எவ்வளவு வேகமாய் அழிகிறது என்றும் கணித்தனர்.

அந்த அறிவு ஏட்டோடு நிற்கவில்லை. சென்னைக்குக் கிருஷ்ணை நீர் தரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் ஒன்று, இப்பறவையின் இருப்பிடத்தினூடே செல்ல இருந்தது. 2005இல் அங்கே நிலத்தைத் தோண்டவும் தொடங்கிவிட்டனர். ஆராய்ச்சியாளர் சான்றுகளோடு முறையிட்டதன் பயனாக வேலை நின்றது. கால்வாயின் பாதையும் மாற்றப்பட்டது. நம் உற்றார் குடிக்கும் நீருக்கும், ஊமைப் பறவையின் உறைவிடத்துக்கும் ஒருங்கே இடமுண்டு என்பதற்கு இது சான்று. இடம் எதுவென முன்னரே அறிந்திருத்தல் வேண்டும், அவ்வளவே.

இன்னுமொரு வியப்பு. ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் முட்டை ஒன்று நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. கோலார் தங்க வயலில் கால்நடை மருத்துவராயிருந்த மீட்டன் என்பவர் 1917இல் சேகரித்தது அது. அது கலிவிக்கோடியின் முட்டையே என்று, பழைய பறவைத் தோலின் மரபணுவோடு ஒப்பிட்டு 2013இல் உறுதி செய்தனர். ஆகவே கடப்பையோடு நில்லாமல் கோலார்ப் பக்கமும் தேடத்தக்கது என்பது புலனாயிற்று. முட்டையொன்று கிடைத்ததனாலேயே இன்று அங்கே பறவை உண்டு என்று சொல்லிவிட முடியாது; தேட வேண்டிய திசையை அது காட்டும்.

அன்பர்களே! அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது, பொருளை மட்டும் காட்டித் திரும்பாதீர்; அருகிலுள்ள சீட்டையும் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கடப்பையைக் கடக்கையில், அந்தப் புதர்க்காட்டைச் சற்றே மரியாதையுடன் நோக்குங்கள். பொட்டல் என்று நாம் ஒதுக்கியது ஓர் உயிரினத்தின் வீடு.