கொழுப்புத் துளிக்கு ஒரு போர்வை

எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் சென்ற வாரம் ஒரு பத்திரிகைத் துண்டை என் மேஜைமேல் வைத்தார். புற்றுநோய் அணுவுக்குள்ளேயே ஜீன் மருந்தைச் செலுத்தும் உபாயம் கண்டுவிட்டார்களென்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவருடைய தமக்கையாருக்குச் சினைப்பையில் புற்று. ஆறு தவணை ஊசியில் மூன்று முடிந்திருக்கிறது. "மிச்சத்தை நிறுத்திவிட்டு இதற்குக் காத்திருக்கலாமா, ஸார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

ஜீன் என்பது ஜீவ அணுவுக்கு உத்தரவிடும் ஓலை. அவ்வுத்தரவை மாற்றவோ அடக்கவோ ஆர்.என்.ஏ. என்னும் பொருளை அணுவுக்குள் அனுப்பவேண்டும். வெறுமே அனுப்பினால் இரத்தத்திலுள்ள என்ஸைம்கள் வழியிலேயே அதைத் துண்டாடிவிடும். ஆகவே கொழுப்புத் துளிக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள். துளியின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர்; தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

உடலின் காவல் அணுக்கள் இத்துளியையும் விழுங்கப் பார்க்கும். அவற்றின் கண்ணில் படாதிருக்கவே பாலிஎதிலீன் கிளைகால் என்ற பாலிமரால் ஒரு போர்வை. போர்வை புதிதன்று, 1995-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற 'டாக்ஸில்' என்ற புற்றுநோய் மருந்திலேயே உண்டு. அதில் இருப்பது ஜீன் சரக்கன்று, பழைய மருந்துதான்.

ஆனால் முக்காடிட்டு வருகிறவனுக்கு வீட்டுக்காரனும் கதவைத் திறக்கமாட்டானல்லவா? 2018-ல் அங்கீகாரம் பெற்ற 'ஆன்பாட்ரோ' மருந்தில் இதற்கு வழி செய்தார்கள். போர்வை இரத்தத்திலேயே மெல்ல உதிர்கிறது. உடனே கொழுப்பைச் சுமக்கும் அபோ-ஈ என்ற புரதம் துளியின்மேல் ஒட்டிக்கொள்ள, ஈரல் அணுக்கள் அதை வழக்கமான கொழுப்பென்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே துளி சிக்கியிருக்கும் சிறு பையில் அமிலம் ஏறுகிறது; அமிலம் பட்டதும் துளியின் கொழுப்பு மின்னேற்றம் பெற்றுப் பையைக் குலைக்க, ஆர்.என்.ஏ. வெளியே வருகிறது. கல்லூரியில் ரஸாயனம் படித்தவன் நான். இந்த இடத்தை வாசித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஆனால் ஆன்பாட்ரோ புற்றுநோய்க்கானதன்று. ஈரல் செய்யும் ஒரு புரதத்தால் நரம்புகள் கெடும் பரம்பரை நோய்க்கானது. ஈரலுக்கு இரத்தமே வழிகாட்டி. புற்றுக் கட்டிக்கு அப்படி ஒரு வழிகாட்டி இல்லை. டொராண்டோ ஆராய்ச்சியாளர் சிலர் பத்து வருஷத்துச் சோதனைகளைத் திரட்டி 2016-ல் கணக்கிட்டார்கள். செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சேர்ந்தது, நடுவான அளவில், 0.7 சதவிகிதம். ஆயிரத்தில் ஏழு!

ஆகையால் முயற்சி இப்போது போர்வையைப் பற்றியது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில் பாலா ஹாமண்ட் என்ற அம்மையார் குழுவினர், மாறுபட்ட மின்னேற்றமுள்ள பாலிமர்களைத் துகளின்மேல் அடுக்கடுக்காகப் பூசி, எந்த வெளிப்பூச்சைச் சினைப்பைப் புற்றணு பற்றிக்கொள்கிறதென்று பார்த்து வருகிறார்கள். பலன் தெரிந்திருக்கிறது, எலிகளிடத்தில்.

"எலிகளிடத்திலா?" என்றார் நண்பர். சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை எனக்கு அரைநாள் லீவு வேண்டும்; நாலாவது ஊசிக்கு அக்காவை அழைத்துப் போகவேண்டும்" என்றார்.