கோட்டையின் கதை யாருக்குச் சொந்தம்?

கம்பம் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் பென்னி குக் துரையின் கதையைச் சொல்வார்கள். நாற்று நடும் பாட்டிக்கும் தெரியும். பள்ளிக்கூடம் போகும் பேரனுக்கும் தெரியும். மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் அவர். அவருடைய படம் வீடுகளிலும் கடைகளிலும் தொங்குகிறது. தை மாதத்தில் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். இப்படிச் செய்யுங்கள் என்று யாரும் உத்தரவு போடவில்லை. நன்றி மறவாத ஜனங்கள் தாங்களே செய்கிறார்கள்.

ஆனால் "கோட்டை" என்றால் என்ன தெரியும்? "கோட்டைக்கு மனு போட்டிருக்கிறது" என்பார்கள். "கோட்டையிலிருந்து உத்தரவு வரவேண்டும்" என்பார்கள். அதோடு சரி!

இது போதுமா? போதாது.

தண்ணீரின் மறுபாதிக் கதை

அணைக்கான ஒப்பந்தம் 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் வெள்ளைக்கார அரசுக்கும் இடையே ஏற்பட்டது. 1895 அக்டோபரில் அணையைத் திறந்துவைத்தவர் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு. அந்த மாகாண ஆட்சியின் பீடம் எது? சென்னையிலுள்ள செயின்ட் ஜார்ஜ் கோட்டை! கூடலூர் வயலில் பாயும் தண்ணீரின் கதையில் பாதி தேக்கடி மலையில் இருக்கிறது. மறுபாதி கோட்டையில் இருக்கிறது.

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடற்கரையில் கொஞ்சம் இடம் பெற்றார்கள். மறு ஆண்டே கோட்டை எழும்பத் தொடங்கியது. வியாபாரம் செய்ய வந்தவர்கள் நாட்டையே ஆண்டார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. பிறகு ஒருநாள் வெள்ளையர் கொடி இறங்கியது. 1947 ஆகஸ்டு 15-இல் அங்கே ஏறிய மூவர்ணக் கொடி, கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

"வெள்ளைக்காரன் கட்டியதை ஏன் போற்றவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். சுவர் அவனுடையது. அந்தச் சுவருக்குள் பிறந்த சட்டங்கள் நம்முடையவை. 1921-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை தர முடிவு செய்தது சென்னை சட்டசபை. 1967 ஜூலை 18-ஆம் தேதி, நமது மாநிலத்துக்குத் "தமிழ்நாடு" என்று பெயர் சூட்டத் தீர்மானம் நிறைவேறியதும் கோட்டையில்தான்.

தேனிக்காரர் பங்கு

இந்தக் கதையில் தேனிக்குப் பங்கில்லையா? நிறைய உண்டு. 1936-இல் சில மாதங்கள் சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்த பி.டி. ராஜன் உத்தமபாளையத்துக்காரர். அவருடைய மகன் பழனிவேல்ராஜன் 1996 முதல் 2001 வரை சட்டமன்ற சபாநாயகராக இருந்தார். 1984-இல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே ஆண்டிபட்டி மக்கள் அவரை ஜெயிக்கவைத்தார்கள். ஜெயலலிதாவும் அதே தொகுதியில் 2002-இலும் 2006-இலும் வென்றார். ஓ. பன்னீர்செல்வம் பெரியகுளத்திலிருந்து போய் முதல்வரானார்.

கட்சி எதுவானாலும் ஓட்டுப் போட்டது தேனி மக்கள். தாங்கள் அனுப்பியவர்கள் உட்கார்ந்த இடத்தின் வரலாறு அவர்களுக்குத் தெரியவேண்டாமா?

சபை இடம் மாறலாம்

சட்டமன்றம் எப்போதும் ஒரே இடத்தில் கூடியதில்லை. 1959-இல் சில நாட்கள் ஊட்டியில் கூடியது. 2010-இல் ஓமந்தூரார் தோட்டத்துப் புதுக் கட்டடத்துக்குப் போனது. 2011-இல் கோட்டைக்கே திரும்பியது. அந்தப் புதுக் கட்டடம் 2014-இல் பெரிய ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது கலைவாணர் அரங்கத்தில் சபை நடந்தது.

இனியும் மாறலாம். அதில் தப்பில்லை. ஆனால் வீடு மாற்றும்போது என்ன நடக்கிறது? பண்டபாத்திரங்களை எண்ணி எடுத்துவைக்கிறோம். தாத்தாவின் பழைய கடிதக்கட்டு மட்டும் காணாமற்போகிறது. சபையின் வரலாற்றுக்கு அந்தக் கதி வரக்கூடாது.

செய்யவேண்டியது என்ன?

பூட்டிவைத்தால் மட்டும் வரலாறு பிழைக்காது. எடுத்துச் சொல்லவும் வேண்டும். தேனியிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர். 2023 முதல் போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் சென்னைக்குச் சுற்றுலா போகும்போது கடற்கரையோடு கோட்டையையும் பார்க்கட்டும். எளிய தமிழில் கதை சொல்ல ஓர் ஆள் அங்கே இருக்கட்டும்.

எல்லாரும் சென்னைக்குப் போகமுடியாது. ஆகவே கோட்டையும் ஊருக்கு வரவேண்டும். பெரியாறு, வைகை, மலைத் தோட்டங்கள், 1996-இல் தேனி தனி மாவட்டமானது — இவை பற்றிச் சட்டமன்றத்தில் பேசியதைத் திரட்டி, பெரிய எழுத்தில் சிறு புத்தகமாகப் போடலாம். அதைக் கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் நூலகங்களில் வைக்கலாம். லோயர் கேம்ப்பில் 2013-இல் திறந்த பென்னி குக் மணிமண்டபத்துக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். அங்கேயும் வைக்கலாம்.

எழுதும்போது பெரிய மனிதர்களை மட்டும் எழுதினால் போதாது. அணை வேலையில் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட கூலியாட்கள் பலர். துரையின் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது. அந்த ஏழைகளின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? வரலாற்றைப் பெரியவர்கள் கையில் மட்டும் விட்டால் சின்னவர்கள் மறைந்துபோவார்கள்.

இதற்குச் செலவாகாதா? ஆகும். ஆனால், தன் மனு எங்கே போகிறது, அங்கே யார் தீர்மானிக்கிறார்கள், முன்பு என்ன தீர்மானித்தார்கள் என்று தெரிந்த குடிமகனை யாரும் எளிதில் ஏமாற்றமுடியாது. அந்த லாபத்துக்கு முன்னே இந்தச் செலவு அற்பம்.

கோட்டை ஆளுகிறவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் சொந்தம். சொந்தச் சொத்தின் கதை பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும்!