போர்க்காலத்தில் வாயை மூடணுமா?

'சண்டை நடக்கிறப்ப சாதியப் பேசினா எதிரிக்குத்தானே லாபம், தோழர்?' என்று படிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார். நேர்மையான கேள்விதான். ஆனா இதை எப்பவும் அடிபட்டவன்கிட்டயே கேட்கிறாங்க. அடிக்கிறவன்கிட்ட ஒருத்தரும் கேட்கிறதில்லை.

போரில் இறங்கும் அரசு குண்டுகளை மட்டும் நம்புவதில்லை. வானொலி, சினிமா, துண்டறிக்கை வழியாகப் பிற நாட்டு மக்களிடம் நேரடியாகப் பேசி, நியாயம் தன் பக்கம் என்று நம்பவைக்கப் பார்க்கிறது. மக்களை நோக்கிய ராஜதந்திரம் இது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா உலகத்துக்கே நான்கு சுதந்திரங்களை உபதேசித்தது. அதன் படையிலோ கறுப்பருக்குத் தனிப் பிரிவு. செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர் கொடுத்த ரத்தத்தையும் தனியாக வைத்தது. ரத்தத்துக்கும் தனிச் சேரி!

1942 ஜனவரி 25இல் மிசௌரி மாநிலம் சைக்ஸ்டனில், போலீஸ் காவலில் இருந்த கிளியோ ரைட் என்ற கறுப்பினத் தொழிலாளியை வெள்ளைக் கும்பல் காரில் கட்டி இழுத்துப்போய் எரித்தது. எதிரி நாட்டு வானொலி அதை இந்தியா வரைக்கும் ஒலிபரப்பியது. யூதர்களை வேட்டையாடிய ஹிட்லர் கூட்டம் கறுப்பருக்காக விட்ட கண்ணீரை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் கும்பல் கொலைகளை மாநில விவகாரம் என்று ஒதுங்கியிருந்த மத்திய நீதித்துறை முதன்முறையாக விசாரிக்க வந்தது. மனசாட்சியா உறுத்தியது? மானம் போச்சு, அவ்வளவுதான். கடைசியில் ஜூரிகள் ஒருவர் மீதும் குற்றம் சாட்டவில்லை.

கறுப்பர்கள் சும்மா இருக்கவில்லை. விமானத் தொழிற்சாலை உணவகத்தில் வேலைபார்த்த ஜேம்ஸ் தாம்சன் என்ற இளைஞரின் கடிதம் அதே மாதம் 31இல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' ஏட்டில் வந்தது. வெளியே எதிரியை வெல்வது ஒரு வெற்றி, உள்ளே ஒடுக்குகிறவனை வெல்வது இன்னொரு வெற்றி என்றார். 'இரட்டை வெற்றி' இயக்கம் அதிலிருந்து பிறந்தது. படையில் பிரிவினையை ஒழிக்கும் ஆணை வர 1948 ஆயிற்று. அதுவும் கேட்காமல் வரவில்லை.

இந்தப் பாடத்தை அம்பேத்கர் கவனித்திருந்தார். கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டு 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 2001 டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசவே கூடாதென்று இந்திய அரசு ஏன் மல்லுக்கட்டியது? உலகத்தின் கண் மீதுள்ள பயம்.

அந்த மாணவருக்கு என் பதில் இதுதான்: எதிரியின் வானொலிக்குச் சேதி கொடுத்தவர் தாம்சன் இல்லை, எரித்த கும்பல். சேதி வெளியே போகக்கூடாதுன்னா கொடுமைய நிறுத்தட்டும். நம்ம வாய மூடச் சொல்ல வேணாம்.