மீட்கத் தெரிந்தவரும் மீட்கக் கற்பிப்பவரும்

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களைச் சேர்ந்த பயணிகள் அவர்கள். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2007 பிப்ரவரி 20 அன்று, அதே பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் தட்டேக்காட்டில் கல்விச் சுற்றுலா வந்த 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் மூழ்கினர். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் மூன்று கேள்விகள் தவறாமல் எழுகின்றன: படகின் கட்டமைப்பு சரியா, ஏற்றிய ஆட்கள் அளவுக்குள் அடங்கினரா, உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தனரா? மூன்றும் தேவையான கேள்விகள். நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அது எழுவதே இல்லை. மீட்க வேண்டிய இடத்தில் இருந்தவருக்கு மீட்பைக் கற்பித்தவர் யார்? கற்பிக்கும் தகுதி அவருக்கு உண்டு என்று முடிவு செய்தவர் யார்?

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்நாட்டு எல்லையோரத்தில் இக்கேள்வி நாளுக்கு நாள் கூர்மையடைகிறது. பெரியாறு புலிகள் காப்பகத்திலும் பறம்பிக்குளத்திலும் மூங்கில் தெப்பப் பயணம் நடக்கிறது. குண்டளை அணையில் மிதிபடகுகள் ஓடுகின்றன. கேரளத்தின் காயல்களிலும் கோழிக்கோட்டு மலையாறுகளிலும் கயாக் பரவிவிட்டது. பெரிய படகில் பயணிக்கும் நீருக்கும் இடையே ஒரு தளமும் கைப்பிடிச் சுவரும் உண்டு. தெப்பத்திலும் கயாக்கிலும் இருப்பது ஒரு சாண் இடைவெளி. துடுப்புப் படகில் செல்வோருக்கு வேறொரு மீட்புக் குழு வந்து சேரும் வரை காத்திருக்கும் வாய்ப்புக் குறைவு. உடன்செல்லும் வழிகாட்டியே மீட்பர். ஆகவே அவருக்குக் கற்பிப்பவரின் தகுதி, படகின் தரச்சான்றுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இத்தகுதியைப் பற்றிப் பேசும்போது கல்விப்புலத்தார் இரண்டு அணிகளாகப் பிரிகின்றனர். இரு அணியினரும் தவறு செய்கின்றனர்.

முதல் அணிக்குச் சான்றிதழே தகுதி. அமெரிக்கக் கனூ சங்கம் 1880இல் தோன்றியது. 1936இல் தொடங்கிய பிரித்தானியக் கனூ அமைப்பு இன்று 'பேடில் யூகே' என்னும் பெயரில் இயங்குகிறது. இவற்றின் படிநிலைகள் மதிக்கத்தக்கவை. கவிழ்ந்த கயாக்கைக் குறுக்காக இழுத்து நீரை வடித்துத் திருப்புதல், நினைவிழந்தவரை மேலேற்றுதல், எறிகயிற்றுப் பையைக் குறிதவறாது வீசுதல், பாறையில் சிக்கிய படகை விடுவித்தல் ஆகியவற்றில் ஒருவர் தேறினாலும் அவர் பயிற்றுநர் ஆகிவிடுவதில்லை. அறிமுகமில்லாத மாணவர்களுக்கு அவர் பாடம் நடத்துவதைத் தேர்வாளர்கள் நின்று கவனிக்கின்றனர். மாணவரின் பிழையை அவர் கண்டுகொள்கிறாரா, ஒருவரைத் திருத்தும்போது மற்றவர்கள் மீது அவருடைய கண் இருக்கிறதா என்று பார்க்கின்றனர். பெற்ற தகுதியும் காலவரையறைக்கு உட்பட்டது. தொடர்ந்து கற்பிக்காதவரும் மறுபயிற்சி பெறாதவரும் அதை இழப்பர்.

இந்த ஒழுங்கிலிருந்து முதல் அணியார் எடுத்துக்கொண்டது அட்டையை மட்டுமே. கோவாவில் தேசிய நீர்விளையாட்டு நிறுவனம் 1990 முதல் இயங்குகிறது; சாகசச் சுற்றுலாவுக்கான இந்திய வழிகாட்டு நெறிகள் 2018இல் வெளிவந்தன. எனினும் கடலோரத்தில் பெற்ற சான்று மலைநீர்த்தேக்கத்தை அறியாது. பெரியாற்று ஏரியில் 1895இல் அணை எழுந்தபோது மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்றும் நிற்கின்றன. நீர்மட்டம் இறங்கினால் அவை கண்ணுக்குத் தெரியும்; சற்றே ஏறினால் தெப்பத்தின் அடியை உரசும் ஆழத்தில் மறையும். பறம்பிக்குளம் அணையில் 2022 செப்டம்பரில் ஒரு மதகின் கதவு நள்ளிரவில் உடைந்து, நொடிக்கு ஏறத்தாழ 15,000 முதல் 20,000 கனஅடி வரை நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. இந்நீரின் இயல்பை எந்தப் பொதுப் பாடத்திட்டமும் முன்கூட்டி எழுதி வைத்திருக்க இயலாது.

இரண்டாம் அணிக்குச் சான்றிதழ் என்றாலே ஆதிக்கம். மண்ணின் அறிவு போதும் என்பது இவர்களின் வாதம். குமுளியை அடுத்த மன்னான் மக்கள் தலைமுறைகளாகப் பெரியாற்று ஏரியில் தெப்பமிட்டு மீன்பிடிப்பவர்கள்; பறம்பிக்குளத்தின் காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகியோர் அக்காட்டின் நீர்வழிகளை அறிந்தவர்கள்; 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து ஆயிரக்கணக்கானோரைக் காத்தனர்; அவர்களிடம் எந்த அட்டை இருந்தது என்று இவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. அதிலிருந்து பெறப்படும் முடிவுதான் பிழையானது. மீனவர்கள் மீட்டனர் என்பது மீட்கும் திறனுக்குச் சான்று. அத்திறன் மற்றொருவருக்குக் கைமாறும் என்பதற்கு அது சான்றாகாது. அந்த வெள்ளத்தைப் புகழ்ந்து எழுந்த கட்டுரைகளின் எண்ணிக்கையையும், அம்மீனவர் எவரையேனும் ஊதியம் கொடுத்துப் பயிற்றுநராக அமர்த்திய கல்லூரிகளின் எண்ணிக்கையையும் இவ்வணியார் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாராட்டுரையைக் கொடுத்துப் பதவியை மறுப்பதும் ஆதிக்கமே.

மொழியியல் மாணவர்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. தமிழைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் வேற்றுமை உருபை ஒருபோதும் பிழையாக ஆளமாட்டார். அதை ஏன் அவ்வாறு ஆள்கிறார் என்று வேற்றுமொழியாளர் கேட்டால் பெரும்பாலும், 'அப்படித்தான் சொல்வோம்' என்பதே விடையாக வரும். மறுபுறம், இலக்கணத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் சந்தையில் ஒரு கீரைக்கட்டைப் பேரம் பேசி வாங்கத் திணறுவார். மொழியாசிரியர் என்பவர் இவ்விரு நிலைகளுக்கும் இடையே பாலமாக இருப்பவர். நீர்மீட்புப் பயிற்றுநரும் அவ்வாறே. கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவந்து, மீண்டும் மற்றொருவரின் கைக்குக் கொண்டுசேர்ப்பது தனித்தொழில்.

கற்பிக்கத் தகுதியுடையவர் யார் என்று தனியே வரையறுக்கும் மரபு தமிழுக்கு அயலானதும் அன்று. பவணந்தியின் நன்னூல் எழுத்தையும் சொல்லையும் தொடங்கும் முன், பாயிரத்திலேயே ஆசிரியராகத் தக்கவரையும் தகாதவரையும் பிரித்துவிடுகிறது. தகாதவருக்கு அது காட்டும் நான்கு உவமைகளும் இன்றைய நீர்விளையாட்டுப் பயிற்சிக்கு அப்படியே பொருந்துகின்றன. கொள்முறை ஒன்றாகவும் கொடுமுறை வேறாகவும் கொட்டுவது கழற்குடம். வாங்கிய பாடத்தை முறைமாறி ஒப்பிக்கும் சான்றிதழாளர் அதுவே. உள்ளே அடைத்ததை எளிதில் வெளியே எடுக்கவிடாதது பருத்திக் குண்டிகை. ஏரியை முழுதும் அறிந்தும் சொல்லத் தெரியாத மூத்த துடுப்பாளரின் நிலை அது. தானாகப் பழத்தை உதிர்த்தாலன்றி நெருங்கவிடாத மடற்பனை, உயர்ந்த கட்டணத்தாலும் ஆங்கிலத்தாலும் வேலியிட்ட பயிற்சி. ஓரிடத்தில் நீர் பெற்று வேறொருவர் தோட்டத்தில் காய்க்கும் முடத்தெங்கு, உள்ளூர் நீரில் உள்ளூராரின் துணையோடு பயிற்சி நடத்தி, பயிற்றுநர் பட்டத்தை மட்டும் பெருநகரத்தாருக்கு வழங்கும் ஏற்பாடு.

பயிற்சி எந்த மொழியில் நடக்கிறது என்பது இங்கே உயிர் சார்ந்த சிக்கல். கயாக்கில் படகைச் சாய்ப்பதும் உடல் சாய்வதும் வெவ்வேறு செயல்கள். இடுப்பால் படகை ஒருபுறம் சாய்த்து உடலை நிமிர்த்தி வைத்தால் சமநிலை கிட்டும். உடலையும் சேர்த்துச் சாய்த்தால் படகு கவிழக்கூடும். நீரோட்டம் படகைப் பாறையில் மோதும்போதோ உடல் பாறையின் பக்கமே சாய வேண்டும். அஞ்சி விலகிச் சாய்ந்தவரை ஓட்டம் கவிழ்த்துவிடும். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழில் 'சாய்ந்தான்', 'சாய்த்தான்' என்று இறந்தகாலத்தில் பிரியும் வினை, ஏவலில் 'சாய்' என்னும் ஒரே வடிவத்தில் நிற்கிறது. பயிற்றுநர் 'சாய்!' என்று கத்தினால் மாணவர் எதைச் சாய்ப்பார்? 'கயிற்றை விடு' என்பதும் இத்தகையதே: பட்டத்துக்கு நூல் விடுவதுபோல் தளர்த்திக் கொடுக்கவும் அது சொல்லும், கைவிட்டுவிடவும் சொல்லும். கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதர் மிதக்கும்போது இவ்விருபொருள் அவரது உயிரோடு விளையாடும்.

திசைச்சொல்லில் சிக்கல் இன்னும் ஆழமானது. மேல் என்பதிலிருந்து மேற்கும் கீழ் என்பதிலிருந்து கிழக்கும் பிறந்தன. மலைக்குக் கிழக்கே உள்ள கம்பத்துக்காரருக்கு மேற்கே மலை, கிழக்கே சரிவு. சொல்லும் நிலமும் ஒத்துப்போகின்றன. 'மேலக்கரை' என்றால் மேற்குக் கரை. மலையைத் தாண்டியதும் பெரியாறு மேற்கு நோக்கி ஓடுகிறது. அங்கே ஓட்டத்தின் மேற்புறம் கிழக்கில் இருக்கிறது. 'மேலே போ' என்ற ஆணையைக் கேட்கும் எல்லையோர இளைஞர் ஆற்றின் மேற்புறம் செல்வாரா, மேற்கே செல்வாரா? மலையாளமும் தமிழும் பழங்குடி மொழிகளும் ஒரே தெப்பத்தில் கலக்கும் இடத்தில், ஓரசை ஆணைகளை முன்கூட்டியே வரையறுத்துப் பழகாத பயிற்சி பாதுகாப்புப் பயிற்சி ஆகாது. இதனை ஆங்கிலக் கையேடு தீர்க்காது. 'எங்கள் மக்கள் புரிந்துகொள்வார்கள்' என்ற பெருமிதமும் தீர்க்காது.

இவ்வெல்லையில் மொழிகளின் ஏணி எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முல்லைப்பெரியாறு, பறம்பிக்குளம் ஆகிய இரு அணைகளையும் இயக்குவது தமிழ்நாடு. கீழ்ப்பகுதிக்கு எச்சரிக்கை செல்வது மலையாளத்தில். பயணிகளில் பலர் தமிழர். பயிற்றுநர் தகுதிக்கான கையேடும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். துடுப்புப் பிடிப்பவரின் மொழி இவ்வேணியின் எந்தப் படியிலும் இல்லை. தமிழின் கட்டுமரம் உலகமொழிகளில் 'கேட்டமரன்' ஆயிற்று. மலையாளத்தின் சங்ஙாடம் போர்த்துகீசியத்தில் 'ஜங்கடா' ஆயிற்று. கலத்தின் பெயரை ஏற்றுக்கொண்ட உலகம், அக்கலத்தில் பிறரைக் காக்கக் கற்பிக்கும் தகுதியை இம்மொழிகளில் வழங்குவதற்கு மட்டும் தயங்குவானேன்?

தாய்மொழியில் தேர்வு வைத்தால் தரம் தாழும் என்போர் உண்டு. தரம் மொழியில் இல்லை. தேர்வின் கடுமையில் இருக்கிறது. மீட்பின் உலகப் பொதுவிதி எளியது: முதலில் எட்டிக் கொடு, முடியாவிட்டால் எறிந்து கொடு, அதுவும் முடியாவிட்டால் துடுப்பிட்டுச் செல், நீரில் இறங்குவது கடைசி. பயிற்சியின்றிக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குவது உலகெங்கும் பதிவான உண்மை; உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் மட்டும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இவ்விதியைத் தமிழில் சொன்னால் அது தளர்ந்துவிடாது. தண்ணீரில் விழுந்தவர் கூச்சலிடும் நேரத்தில் நினைவுக்கு வரவேண்டிய விதி, கனவு காணும் மொழியில் பதிந்திருப்பதே நல்லது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மீட்கும் திறனுக்கு ஒரு தேர்வும் கற்பிக்கும் திறனுக்கு வேறொரு தேர்வும் வேண்டும். இரண்டும் அந்தந்த நீர்நிலையிலேயே, தமிழிலும் மலையாளத்திலும், எழுத்தறிவைத் தடையாக்காமல் வாய்மொழியாகவும் செய்முறையாகவும் நடைபெற வேண்டும். தெப்ப வழிகாட்டிகளாகப் பணியாற்றும் பழங்குடியினருக்குப் பயிற்றுநர் நிலை வரை உயரும் படிவரிசை வேண்டும். பயிற்சிக் காலத்தில் அன்றாடக் கூலி இழப்பையும் ஈடுசெய்ய வேண்டும். தேர்வுக்குழுவில் வெளியாரும் உள்ளூராரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். தகுதிக்குக் காலவரையறை வேண்டும். அது மூத்தவருக்கும் பொருந்த வேண்டும். விபத்துகளோடு, நூலிழையில் தப்பிய நிகழ்வுகளும் பதிவாகிப் பாடத்துக்குள் வர வேண்டும். வழக்கிலிருந்து இலக்கணம் பிறப்பதுபோல் அந்நீரின் பாடநூல் அந்நீரிலிருந்தே பிறக்க வேண்டும். பிறந்தபின் அது அனைவரையும் சமமாகக் கட்டுப்படுத்த வேண்டும்.

இதில் பல்கலைக்கழகங்கள் வெறும் பார்வையாளர்கள் அல்லர். பொள்ளாச்சி, கோவை, தேனி, பாலக்காட்டுக் கல்லூரிகள் ஆண்டுதோறும் மாணவர்களை இந்த ஏரிகளுக்கும் அருவிகளுக்கும் அழைத்துச் செல்கின்றன. முனைவர் பட்டம் பெற்றவருக்குக் கற்பிக்கவும் தெரியும் என்று எண்ணிப் பழகிய நிறுவனங்கள், பேருந்தில் உடன்செல்லும் பேராசிரியருக்குக் காக்கவும் தெரியும் என்று எண்ணிக்கொள்கின்றன. சுற்றுலா ஒப்புதல் படிவத்தில் பெற்றோரின் கையொப்பத்துக்கு இடம் இருக்கிறது. உடன்செல்பவர் எறிகயிற்றை வீசப் பழகியவரா, பழக்கியவர் யார் என்ற வினாவுக்கு இடம் இல்லை. தட்டேக்காட்டில் மாணவர்களோடு மூழ்கிய மூன்று ஆசிரியர்களிடம் பாடம் நடத்தும் தகுதி இருந்தது. நீரில் என்ன செய்வது என்பதை அவர்களுக்குக் கற்பித்திருக்க வேண்டிய ஒருவரை உருவாக்கும் பொறுப்பு யாருடையது என்பதற்கு, 2007 முதல் இன்றுவரை எந்தக் கல்வி நிறுவனமும் விடை சொல்லவில்லை. அடுத்த சுற்றுலாவுக்கு ஒப்புதல் கையொப்பம் இடும் துறைத்தலைவர் முதலில் இதற்கு விடை சொல்லட்டும்.