பத்து நிமிஷத்தில் நாற்பது பஸில்

கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் ஹார்பர் லைன் வண்டிக்காக நின்ற பத்து நிமிஷத்தில் என் பையன் மொபைலில் நாற்பது செஸ் பஸில் போட்டு முடித்தான். பக்கத்தில் நின்ற மாமா ஒருவர், "அடுத்த குகேஷ் ரெடி!" என்றார். எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. முந்தின ஞாயிறு ஒரு போட்டியில் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவன் இவன்.

இதைப் பயிற்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குதிரையை நகர்த்திப் பார்ப்பான். தப்பு என்றால் யானை. பச்சை விழுந்ததா, அடுத்தது. பேங்கில் வித்தியாசம் எங்கே என்று தேடாமல் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டு அன்றைய கணக்கை முடிப்பது மாதிரி. (செய்பவர்கள் உண்டு. பெயர் கேட்காதீர்கள் :-))

வேகமாகப் போட்டால் கண் பழகும் என்கிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் பஸில் என்றாலே 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்களே! ஆட்டத்தில் யார் சொல்வார்கள்?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான 14வது, கடைசி ஆட்டம். டிரா என்றே எல்லோரும் நினைத்திருந்தபோது 55வது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தப்பான இடத்தில் வைத்தார். யானைகளை வெட்டிக்கொண்டு, பிஷப்புகளையும் வெட்டிக்கொண்டால் சிப்பாய்களை வைத்தே குகேஷ் ஜெயிக்கலாம். பஸிலாகக் கொடுத்தால் என் பையனே போட்டுவிடுவான். மணிக்கணக்காக ஆடிய பிறகு, யாரும் மணியடிக்காமல், அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குகேஷுக்கே முதல் பார்வையில் தெரியவில்லை என்று அவரே பிறகு சொன்னார்.

நம்மைப் போல ஊரைவிட்டுப் போன குடும்பம்தான் ஆனந்துடையதும். அப்பாவுக்கு ரயில்வே வேலை, 1970களின் இறுதியில் மணிலா. மதியம் டிவியில் செஸ் நிகழ்ச்சி, கடைசியில் ஒரு பஸில். பையன் பள்ளிக்கூடத்தில். அம்மா சுசீலா எழுதி வைப்பார். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து போட்டு விடை அனுப்புவார்கள். பரிசுப் புத்தகங்களை அடிக்கடி இவரே வாங்கியதால், வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்றே சொல்லிவிட்டார்களாம். நாளுக்கு ஒரு பஸில், ஐயா!

இப்போது எங்கள் வீட்டில் ராத்திரி மூன்றே பஸில். பலகையில் அடுக்க வேண்டும், எதிராளியின் பதில் நகர்த்தலையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் காயைத் தொட வேண்டும். மூன்றில் ஒன்றில் வெல்லும் வழியே இருக்காது. எது என்று சொல்ல மாட்டேன். தங்கமணிக்கு இதில் கோபம், குழந்தையை ஏமாற்றுகிறேனாம்.

நேற்று அவன் முதல் பஸிலிலேயே இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, "அப்பா, இதுல ஒண்ணுமே இல்லையே?" என்றான். அதில் இருந்தது.