பழனிப் பாதையும் இருதயமும்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் நமது செட்டிநாட்டுச் சாலைகளுக்கே ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் மார்க்கமாகப் பழனியை நோக்கிச் செல்கின்றன. அந்தக் கூட்டத்தில் வருஷந்தோறும் ஒரு விநோதத்தைக் காணலாம். அறுபது வயதைக் கடந்த பெரியவர் நிதானமாக நடந்து போய்க்கொண்டே இருப்பார். இருபத்தைந்து வயது வாலிபனோ முதல் நாளே மைல் கல்லின்மீது உட்கார்ந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவான். கேட்டால், "அவருக்கு முருகன் அருள் இருக்கிறது" என்பான்.

அருளை நாம் மறுக்கவில்லை. ஆனால், அது பெரியவரின் மார்புக்குள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

ஸ்வீடன் தேசத்து வைத்தியர் ஹென்ஷன் 1899-இல் பனிச்சறுக்குப் பந்தய வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே, அவர்களுடைய இருதயம் பெருத்திருப்பதை அறிந்தார். அது நோயன்று, இடைவிடாத உழைப்பின் பயன் என்றும் கூறினார். பழகிய இருதயத்தின் இடது அறை விரிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. சாதாரண மனிதர் ஓய்வாக இருக்கையில், நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் உடம்பெங்கும் ஓடவேண்டும். அதற்கு நம் இருதயம் சுமார் 72 தடவை துடிக்கிறது. நெடுநாள் பழகிய இருதயம் 50 துடிப்பிலேயே அவ்வேலையை முடித்துவிடுகிறது. நாளொன்றுக்கு 31,000 துடிப்புக்கு மேல் மிச்சம்! சிக்கனத்துக்குப் பேர்போன நம் ஊரார் இந்தக் கணக்கை நன்கு அறிவார்கள்.

நுரையீரலும் இப்படிப் பெருக்குமோ என்றால், பெரும்பாலும் இல்லை. பிராணவாயுவை ஏற்பதற்கு அதனிடம் ஆதியிலேயே வேண்டிய இடம் இருக்கிறது. சுவாசத்துக்கு உதவும் தசைகள்தாம் பலப்படுகின்றன. ஆகவே, வாலிபன் இரைக்க இரைக்க நிற்பதற்கு நுரையீரலின் மேல் பழி போடுவது நியாயமன்று. வந்த பிராணவாயுவைக் கால்களுக்குக் கொண்டு சேர்க்க அவன் இருதயம் பழகவில்லை. வாங்கிக்கொள்ளக் கால்களும் பழகவில்லை.

சம்பாதித்த பலம் நிலைத்து நிற்குமா? 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து வாலிபர்களை 20 நாட்கள் படுக்கையிலேயே கிடக்கச் செய்தார்கள். உடம்பு பிராணவாயுவை உபயோகிக்கும் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது! முப்பது வருஷங்களுக்குப் பின் அதே ஐவரையும் சோதித்தபோது, மூப்பு செய்த நஷ்டம் அந்த மூன்று வாரப் படுக்கை செய்த நஷ்டத்தைவிடக் குறைவாகவே இருந்தது. பயிற்சியினால் இழந்த திறனைத் திரும்பப் பெறலாம் என்பதும் இரு முறையும் விளங்கிற்று.

பழனி சென்று வந்து, மறு தைவரை பெட்டியடியில் சாய்ந்திருப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். பெரியவர் தினமும் விடியற்காலையில் ஊருணிக் கரையைச் சுற்றுகிறவர். அவருடைய யாத்திரைக்கு வருஷம் முழுவதும் ஆயத்தம் நடக்கிறது. நாமும் ஆண், பெண் என்ற பேதமின்றி நாள்தோறும் அரை மணி நேரமேனும் வேகமாக நடப்போம். மார்வலியோ இருதய நோயோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது அவசியம். முருகன் அருள் கால்நடையாக வருகிறவர்களைத் தேடி வரும். அதைத் தாங்க இருதயத்தை ஆயத்தம் செய்வது நம் கடமை.