முகப்போவியமும் முகத்துதியும்

நூலின் முகப்பை அதன் வாயில் என்பர். தன் வீட்டு வாயிலை எத்திசையில் வைப்பதென்று தெருவிற் போவோரிடம் வாக்குக் கேட்கும் வீட்டுக்காரனை நாம் கண்டதில்லை. எமது நாவலாசிரியர்களோ இன்று அதனையே செய்கின்றனர். நாவல் அச்சுக்குப் போகுந் தறுவாயில் மூன்று நான்கு அட்டைப்படங்கள் முகநூலில் இடப்படுகின்றன. ‘எது நன்று?’ என்று கேட்கப்படுகிறது. இரண்டொரு நாளில் விருப்பக்குறிகள் குவிகின்றன. கூடிய குறி பெற்றதே அட்டையாகிறது. இதனைப் பரீட்சித்தல் என்கின்றனர். இது பரீட்சையன்று, முகத்துதி தேடும் முயற்சியே என்பது எனது வாதம்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதி எழுத்தாளர் ஒருவரின் முதல் நாவல் அண்மையில் வெளிவந்தது. அவர் பெயர் இங்கு வேண்டியதில்லை. 1957இல் பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றபோது வேலையிழந்த டொக்யாட் தொழிலாளி ஒருவனின் குடும்பக் கதை அது. வாக்கெடுப்பில் வென்ற அட்டையிலோ கோணேசர் மலையும், அதன் பின்னால் எழும் சூரியனும், கோட்டை மான்கள் இரண்டும் இருந்தன. என் அம்மப்பாவின் தந்தையார் அதே டொக்யாட்டில் உழைத்தவர். நூலை வாங்கி அம்மப்பாவின் மேசையில் வைத்தேன். இரண்டு வாரமாகியும் அவர் அதனைத் தொடவில்லை. காரணம் கேட்டேன். “கோயில் புத்தகமெண்டு நினைச்சன், ராசா” என்றார். விடயத்தைச் சொன்னபின் இரண்டே இரவுகளில் வாசித்து முடித்தார். அந்நாவலை வாசிக்க அவரிலும் உரியவர் எவர்? நூற்றுக்கணக்கானோரின் விருப்பைப் பெற்ற அட்டை, உரிய வாசகனை வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்த்தது.

இவ்வாக்கெடுப்பு எதனை அளக்கிறது என்று சிந்திப்போம். வாக்களிப்போரில் எவரும் நாவலை வாசித்தவரல்லர். அவர்கள் காண்பது உள்ளங்கையளவு திரையில் ஒளிரும் ஒரு படத்தை. அதில் அவர்கள் தேடுவது ஏற்கெனவே தமக்குப் பழகியதை. ஆகவே, திருகோணமலை என்றால் மலையும் மானும், வன்னி என்றால் தலையிழந்த பனையும் முட்கம்பியும், பெண்ணின் கதை என்றால் கண்ணீர் வழியும் முகமும் எப்போதும் வெல்கின்றன. நாவலாசிரியன் ஐந்தாண்டு உழைத்துச் சொன்ன புதிய செய்தியைப் பழைய படமொன்று ஒரே நொடியில் மறுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, வாக்களிப்போரிற் பலர் எழுத்தாளரின் நண்பர்கள். நட்பு நல்லது. ஆயினும் அது நடுவர் ஆகாது.

1915இல் காஃப்காவின் ‘உருமாற்றம்’ நூலாக வெளிவரவிருந்தது. மனிதன் பூச்சியாக மாறிய கதை அது. ஓவியர் அப்பூச்சியையே வரைந்துவிடுவாரோ என்றஞ்சிய காஃப்கா, பூச்சியைத் தொலைவிலேனும் காட்டலாகாது என்று பதிப்பகத்தாரை வேண்டிக் கடிதம் எழுதினார். ஒட்டோமார் ஸ்டார்க்கே வரைந்த அட்டையில் பூச்சி இல்லை. இருளுக்குத் திறந்த கதவொன்றும், முகத்தைக் கைகளாற் பொத்தியபடி அதனை விட்டகலும் மனிதன் ஒருவனுமே உளர். எதனை வரையக்கூடாது என்பதை அறிந்தவன் நூலை எழுதியவன். அன்று அவர் பிறரிடம் இரந்து கேட்க வேண்டியிருந்தது. ஈழத்து எழுத்தாளர்களிற் பெரும்பாலானோர் தம் கைப்பணத்திலேயே நூலை வெளியிடுபவர்கள். அவர்களைத் தடுக்கப் பதிப்பாளர் எவரும் இல்லை. காஃப்கா மன்றாடிப் பெற்ற உரிமை எம்மவர் கையில் இயல்பாகவே இருக்கிறது. அதனை யார் யாருக்கோ வாரி வழங்கிவிட்டு நிற்பது தாராளமா, பொறுப்பின்மையா?

எமது ஊருக்கு நாவல் புதிதன்று. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இற் சென்னையில் அச்சாயிற்று. அது நாயக்கர் காலத் தஞ்சையையும் மதுரையையும் பற்றிய வரலாற்று நாவல். இன்றைய முறைப்படி அதற்கு அட்டை தேடினால், பெயருக்காக ஓர் அழகியின் முகத்தையும் ஆசிரியரின் ஊருக்காகக் கோணேசர் மலையையும் ஒட்டிவிடுவர். அக்காலத் தமிழ் நூல்களின் முகப்பு பெரும்பாலும் வெறும் எழுத்துக்களால் ஆனது. அதில் அலங்காரம் குறைவு. பொய்யும் குறைவு.

‘அட்டை கவராவிட்டால் நூல் விற்குமா? நகையை ஈடுவைத்து அச்சிட்டவனின் துயர் உமக்குத் தெரியுமா?’ என்று கேட்பர். வினா நியாயமானதே. ஆனால் விருப்பக்குறி இட்டவர் எல்லாரும் நூலை வாங்கியவரல்லர் என்பதை வெளியீட்டுவிழா மேசையில் எஞ்சிய பிரதிகளைக் கட்டித் தூக்கிச் சென்றவர்கள் அறிவர். 1935இல் இங்கிலாந்தில் தொடங்கிய பென்குயின் நூல்வரிசை, நாவல்களுக்குச் செம்மஞ்சள் பட்டையும் எழுத்தும் மட்டுங்கொண்ட அட்டையிட்டே பெருந்தொகையாக விற்றது. கவர்ச்சியும் பழகிய படமும் ஒன்றல்ல.

அப்படியாயின் பரீட்சையே வேண்டாமா? வேண்டும். முதலாவதாக, ஓவியர் கைப்பிரதியை முழுமையாக வாசிக்கட்டும். தலைப்பை மட்டும் தொலைபேசியிற் கேட்டு வரைவது ஓவியமாகாது. அவருக்குரிய ஊதியத்தைக் கொடுத்து, அவர் பெயரையும் உள்ளே அச்சிடுக. இரண்டாவதாக, நாவலை வாசித்த ஐவரிடமும் வாசியாத ஐவரிடமும் அட்டையைக் காட்டுக. வாசியாதவரிடம், ‘இது எதைப்பற்றிய கதை?’ என்று கேட்க வேண்டும். வாசித்தவரிடம், ‘இப்படம் பொய் சொல்கிறதா?’ என்று கேட்க வேண்டும். ‘பிடித்திருக்கிறதா?’ என்று இருவரிடமும் கேட்கலாகாது. மூன்றாவதாக, உண்மையான தாளில் ஒரு பிரதி அச்சிட்டுப் புத்தகக்கடைத் தட்டில் வைத்துப் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். திரையில் ஒளிர்ந்த நீலம் தாளில் மங்கிவிடும். அடுக்கில் நிற்கும் நூல் முதுகை மட்டுமே காட்டும். அங்கே பெயர் தெரிகிறதா?

இவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. பத்து மனிதரும் ஒரு பிரதியும் போதும். ஆனால் ‘உங்கள் அட்டை பொய்’ என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வதைக் கேட்கும் துணிவு வேண்டும். நாவல் எழுதத் துணிந்தவருக்கு அத்துணிவு இல்லாமற் போகுமா?

அம்மப்பா அந்நூலுக்குப் பழைய செய்தித்தாளால் உறையிட்டு வைத்திருக்கிறார். மலையும் மான்களும் மறைந்துவிட்டன. உறையின்மேல் நாவலின் பெயரைத் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். அந்நாவலுக்குக் கிடைத்த நேர்மையான அட்டை அதுவே.